வெள்ளிப் பூண், கறுப்பு ரப்பர்

1893 பிப்ரவரியில் லண்டன் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், பேக்கர் தெரு வீட்டுக்கு வந்து காத்திருந்த ஒருவர் பொறுமையிழந்து கிளம்பிவிடுகிறார். போகிற அவசரத்தில் தன் சுங்கானை மேசைமேலேயே மறந்து விட்டுவிடுகிறார். ஹோம்ஸ் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ப்ரையர் மரத்தில் கடைந்தது, அம்பர் வாய்க்குழல் வைத்தது. வாங்கியபோது ஏழரை ஷில்லிங் இருந்திருக்கும். ஆனால் அது இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது: ஒரு தடவை மரத்தில், ஒரு தடவை அம்பரில். இரண்டு இடத்திலும் வெள்ளிப் பூண் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பூணுக்கும் ஆன செலவு சுங்கானின் விலையைவிடக் கூடுதல். அந்தப் பணத்துக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். வாங்காமல் பழையதையே சரிசெய்து வைத்திருக்கிறார் என்றால் இதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்று ஹோம்ஸ் கணிக்கிறார். 'மஞ்சள் முகம்' என்ற அந்தக் கதையின் முடிவில் ஹோம்ஸின் துப்பு தவறிப்போகிறது. சுங்கானைப் பற்றி அவர் சொன்னது மட்டும் பிசகவில்லை.

கதை கற்பனைதான். அந்த வெள்ளிப் பூண் கற்பனை அல்ல. பூண் போட்ட விக்டோரியா காலச் சுங்கான்கள் இங்கிலாந்தின் பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. உலக்கை பிளக்காமல் இருக்க முனையில் இரும்புப் பூண் அடிப்பதைப் போன்ற வேலைதான் அது. விரிசல் விட்ட கழுத்தில் மெல்லிய வெள்ளி வளையத்தை ஏற்றி அழுத்தினால் பிளவு கூடிக்கொள்ளும். கூலி அதிகமானாலும் அந்த வேலையைச் செய்துகொள்ள ஆள் வந்துகொண்டே இருந்தது. சுங்கானில் முதலில் கெடுவது வாய்க்குழல். பல்லால் கடிபடுவதும், முறுக்கிக் கழற்றப்படுவதும், சட்டைப் பையில் மாட்டி வளைவதும் அதுதான். புகையிலை இடும் கிண்ணம் மூன்று தலைமுறை தாங்கும், வாய்க்குழல் ஒரு தலைமுறையைத் தாண்டுவதே அரிது. சுங்கான் பழுதுபார்ப்பின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்த ஒரு துண்டைக் காப்பாற்றிய, மாற்றிய, மீண்டும் செய்த கைகளின் வரலாறு.

தொடக்கத்தில் பழுதுபார்க்க வழியே இருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புகையிலை பரவியபோது கைக்கு வந்தது வெள்ளைக் களிமண் சுங்கான். மண்ணை உருட்டி, நீளக் கம்பியைச் செருகித் துளையிட்டு, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டார்கள். நெதர்லாந்தின் கௌடா நகரம் இதற்குப் பேர்போனது. 1617-இல் அங்கே தொழிலை ஊன்றியவரே குடிபெயர்ந்து வந்த ஓர் ஆங்கிலேயர். 1660-இல் அந்நகரச் சுங்கான்காரர்களுக்கென்று தனித் தொழிற்சங்கமும் அமைந்தது. களிமண் சுங்கான் மலிவு, அதனாலேயே அற்பாயுசு. தண்டு ஒடிந்தால் முறிந்த முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டுக் குட்டைத் தண்டோடு புகைப்பார்கள். உள்ளே கறை ஏறிவிட்டால் இரும்புக் கூண்டில் அடுக்கி அடுப்புத் தணலில் வைத்துச் சுட்டு வெளுப்பாக்குவார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. கிண்ணம் உடைந்தால் தெருவில் எறிவார்கள்.

அப்படி எறிந்த தண்டுகள் வீண்போகவில்லை. தேம்ஸ் நதியில் தண்ணீர் வடியும்போது கரைச் சேற்றில் அவை இன்றும் கிடைக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்களின் பழைய குடியிருப்புகளைத் தோண்டிய தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன், 1954-இல் ஒரு நுட்பத்தைக் கண்டு சொன்னார். காலம் செல்லச் செல்லத் தண்டுகள் நீண்டன, அவற்றின் துளை சிறுத்தது. 1590–1620 வாக்கில் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் 9 பங்கு அகலம் இருந்த துளை, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 4 பங்காகச் சுருங்கிவிட்டது. ட்ரில் பிட்டின் பின்முனையைத் துளைக்குள் விட்டுப் பார்த்தே அந்த மண்ணடுக்கின் காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். பழுதுபார்க்க முடியாமல் வீசப்பட்ட துண்டுகள் வரலாற்று ஆய்வுக்குக் காலம் காட்டும் கருவியாயின.

பழுதுபார்ப்புக்கு மதிப்பு வந்தது மீர்ஷாமோடு. துருக்கியின் எஸ்கிசெஹிர் சமவெளியில் தோண்டி எடுக்கப்படும் மெக்னீசியம் கனிமம் அது. ஈரமாக இருக்கும்போது கத்திக்கு மெழுகாக இணங்கும், காய்ந்தால் இறுகும், புகைக்கப் புகைக்கப் பொன்னிறமாகப் பழுக்கும். வியன்னாவின் செதுக்குக் கலைஞர்கள் அதில் சிங்கத் தலைகளையும் குதிரை வீரர்களையும் செதுக்கினார்கள். இத்தனை அழகுக்கு மண் தண்டு பொருந்துமா? பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பர், அதாவது கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகிப்போன மரப்பிசின், வாய்க்குழலானது. கிண்ணத்தையும் குழலையும் எலும்பில் கடைந்த ஒரு திருகு முளை இணைத்தது.

அம்பர் வாய்க்கு இதமானது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். எலும்புத் திருகு ஈரத்தில் உப்பி மரை தேயும். செல்வந்தர் வீட்டுச் சுங்கான்கள் இப்படித்தான் வெள்ளித் தட்டார்களிடம் வந்து சேர்ந்தன. லண்டனில் பார்லிங் குடும்பத்தார் 1812-இல் தொடங்கியது வெள்ளி வேலை. 1851-ஆம் ஆண்டின் மாபெரும் லண்டன் கண்காட்சியில் அவர்கள் வைத்தவை வெள்ளிப் பூண் இட்ட மீர்ஷாம்கள். பூணில் இன்னொரு நன்மையும் இருந்தது. பிரிட்டனில் வெள்ளிப் பொருளுக்கு அரசு அங்கீகரித்த தர நிலையம் முத்திரை குத்தும். அந்தக் காலத்து முத்திரையில் ஆண்டுக்கொரு எழுத்து இருந்தது. பழைய சுங்கான் கையில் வந்ததும் தேர்ந்த பழுதுபார்ப்பவர் முதலில் உருப்பெருக்கியோடு பூணைப் பார்ப்பது இதனால்தான். ஓர் எச்சரிக்கை: முத்திரை காட்டுவது பூணின் வயதை மட்டுமே. பின்னாளில் விரிசலை மறைக்கப் போட்ட பூணாக இருந்தால் சுங்கான் அதைவிட மூத்ததாக இருக்கும்.

போலிகளும் கூடவே வந்தன. லண்டனில் உண்மையான அம்பர் வாய்க்குழல் எத்தனை இருக்கும் என்று ஹோம்ஸே அந்தக் கதையில் வியக்கிறார். 1880-களில் அம்பர் தூளையும் சில்லுகளையும் சூடேற்றி அழுத்திக் கட்டியாக்கும் முறை வந்தது. செல்லுலாய்டும் வந்தது, பிறகு பேக்கலைட்டும். பழுதுபார்ப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். செல்லுலாய்டைச் சூடுகாட்டி வளைக்கப் போனால் தீப்பிடித்துவிடக்கூடும்.

சாமானியனின் சுங்கான் பழுதுபார்க்கத் தக்கதாக மாறிய இடம் பிரான்ஸின் ஜூரா மலைகளில் உள்ள சான் குளோத் ஊர். பியன், தாக்கோன் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயருக்குரிய புனிதரின் சமாதிக்கு வந்த யாத்ரிகர்களுக்காக மரத்தில் ஜெபமாலையும் சிறு சிலைகளும் கடைந்து விற்ற ஊர். பின்னர் மூக்குப்பொடி டப்பாக்கள். ஆற்று நீர் கடைசல் சக்கரங்களைச் சுழற்றியது. மரத்தைக் கடைந்து கடைந்து பழகிய கைகளுக்கு 1850-களில் மத்தியதரைக் கடலோரத்து எரிகா ஆர்போரியா புதரின் வேர்முண்டு வந்து சேர்ந்தது. அதுதான் ப்ரையர். தண்டும் வேரும் சேருமிடத்தில் பல பத்தாண்டுகளாகத் திரண்டு வளரும் இந்த முண்டு நெருப்பை எளிதில் பற்றவிடாது. அறுத்த கட்டைகளைப் பல மணி நேரம் கொதிக்கவைத்துத் துவர்ப்புச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் காயவைத்த பிறகே கடைசலுக்கு ஏற்றுவார்கள். கிண்ணம் வலுத்துவிட்டது. எஞ்சிய சிக்கல் வாய்க்குழல்தான். மாட்டுக் கொம்பு மலிவாகக் கிடைத்தது. கொதிநீரில் இளகி வளையும், ஆனால் ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியும்.

அதற்கான விடை ஒரு ரப்பர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். அவர் தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் கந்தகத்தை மிகவும் கூட்டிக் கடினமான கறுப்புப் பொருளாக ஆக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வல்கனைட் என்றும் எபனைட் என்றும் பெயர். இதைக் கடையலாம், அரத்தால் ராவலாம், சூடு காட்டி வளைக்கலாம், கண்ணாடிபோல் மெருகேற்றலாம். பல்லுக்கும் இதமாக இருக்கும். சில பத்தாண்டுகளில் எபனைட் கொம்பையும் அம்பரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. உடைந்தால் அதே அளவில் இன்னொன்று கடைந்து மாட்டிவிடலாம் என்ற நிலை சுங்கானுக்கு வந்தது.

இந்த இடத்தில் தமிழர் உழைப்பும் உள்ளே வருகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டே சில கன்றுகள் சிங்கப்பூருக்கும் சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். விடியுமுன் மங்கிய வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவிப் பால் வடித்தவர்களில் பெரும்பகுதி அவர்களே. 1920-களில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து வந்தது. அந்தக் காலத்து லண்டன், பாரிஸ் சுங்கான்களின் கறுப்பு வாய்க்குழல்களில் எத்தனை அவர்கள் சீவிய பாலிலிருந்து வந்தவை என்று பிரித்துச் சொல்ல இயலாது. சுங்கான் வரலாற்றை எழுதுபவர்கள் சான் குளோத்தையும் லண்டனையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தத் தோட்டங்களுக்கும் அதில் இடம் தர வேண்டும்.

எபனைட்டுக்கும் ஒரு குறை உண்டு. வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பில் கந்தகம் கசிந்து பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் படரும். வாயில் வைத்தால் கசக்கும். பழுதுபார்க்க வரும் பழைய சுங்கான்களில் முதலில் கண்ணில் படுவது இந்த நிறமாற்றமே. அவசரக்காரர்கள் சலவைத்தூள் கரைசலில் ஊறப்போடுவார்கள். பழுப்பு மறையும், கூடவே மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகும். தொழில் தெரிந்தவர் உப்புத்தாளையே நம்புகிறார். 400-ஆம் எண்ணில் தொடங்கி 2000 வரை நீர் தொட்டுத் தேய்த்து ஏறுவார். வாய்க்குழலில் நிறுவனச் சின்னம் பதிந்திருந்தால் அந்தப் புள்ளியை மட்டும் மூடிவைத்துச் சுற்றித் தேய்ப்பார். சின்னம் ஒருமுறை தேய்ந்துபோனால் பிறகு கொண்டுவர முடியாது.

முளை ஒடிந்து வருவது அடிக்கடி நடப்பது. வாய்க்குழலின் முனையில் கழுத்துத் துளைக்குள் நுழையும் சிறு உருளைதான் முளை. புகைத்து முடித்த சூட்டோடு கழற்ற முயன்றால், ஈரத்தில் உப்பியிருக்கும் மரம் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். முறுக்குபவர் கையில் வாய்க்குழலும், துளைக்குள் முளையும் தங்கிவிடும். பழுதுபார்ப்பவர் முதலில் சுங்கானைச் சிறிது நேரம் ஃப்ரீஸரில் வைப்பார். குளிரில் முளை சற்றே சுருங்கும். பிறகு அதன் காற்றுத் துளையில் மெல்லிய மரத்திருகு ஒன்றைக் கையாலேயே ஓரிரு சுற்று ஏற்றி, ஆட்டாமல் நேராக இழுப்பார். திருகை ஆழமாக ஏற்றினால் முளை விரிந்து கழுத்தே பிளந்துவிடும்.

வெளியே வந்த முளையை ஒட்டிப் பயனில்லை. வாய்க்குழலின் முனையைச் சமமாகத் தேய்த்து, லேத்தில் நேர் மையத்தில் துளையிட்டு, டெல்ரின் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் கடைந்த புது முளையைப் பசையிட்டு இறக்குவார்கள். மையம் மயிரிழை விலகினாலும் வாய்க்குழல் கழுத்தோடு ஒட்டாமல் ஒரு பக்கம் பல்லிளிக்கும். கடிபட்டு ஓட்டை விழுந்த வாய்க்குழலுக்கு வேறு வைத்தியம்: சயனோஅக்ரிலேட் பசையில் கரித்தூளைக் குழைத்து ஓட்டையை நிரப்பி, இறுகியதும் அரத்தால் ராவிப் பல் பிடிக்கும் விளிம்பைத் திரும்ப எழுப்புவார்கள்.

இரண்டும் முடியாதபோதுதான் முழு வாய்க்குழலும் மாற்றப்படும். அச்சில் வார்த்த தயார்க் குழலைத் தேய்த்துப் பொருத்தலாம். எபனைட் கம்பியிலிருந்து புதிதாகக் கடையலாம். பின்னதற்கு நேரமும் கூலியும் பலமடங்கு. துளையை வெர்னியரால் அளந்து, முளையை ஒவ்வொரு இழையாகக் குறைத்து, இடையிடையே மாட்டிப் பார்ப்பார்கள். தளர்ந்தால் காற்றுப் புகும், இறுகினால் நாளடைவில் மரம் வெடிக்கும். கழுத்தும் குழலும் சேரும் வரி விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு வந்ததும் வளைப்பு வேலை. காற்றுத் துளைக்குள் ஒரு துடைப்புக் கம்பியைச் செருகிக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் வளையும் இடத்தில் துளை நசுங்கிவிடும். சூட்டில் எபனைட் இளகி வளைந்ததும் குளிர்ந்த நீரில் முக்கினால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். சூடு காட்டினால் மறுபடி நேராக நிமிரப் பார்க்கும் குணமும் அதற்கு உண்டு. கடைசியில் மெருகுச் சக்கரத்தில் கார்னூபா மெழுகு.

ஆனால் எல்லா வாய்க்குழலும் வெறும் குழல் அல்ல. அயர்லாந்தின் டப்ளினில் காப் சகோதரர்களின் கடையில் சேர்ந்த லாத்வியக் கைவினைஞர் சார்ல்ஸ் பீட்டர்சன், 1890-இல் கழுத்துக்கு அடியில் ஈரத்தைப் பிடிக்கும் அறையுள்ள சுங்கானுக்குக் காப்புரிமை பெற்றார். 1898-இல் அவர் காப்புரிமை பெற்ற வாய்க்குழலில் துளை முனையில் இல்லை. மேற்பக்கமாகத் திறந்து புகையை நாக்குக்குப் பதில் அண்ணத்துக்கு அனுப்பும். அது உடைந்த இடத்தில் சாதாரணக் குழலை மாட்டினால் அவர் வகுத்த முறையில் பாதி போய்விடும். லண்டனில் 1907-இல் கடை திறந்து, 1910-இல் சுங்கான் செய்யத் தொடங்கிய ஆல்ஃப்ரட் டன்ஹில், கையால் ராவிய வாய்க்குழல்களின் மேற்பக்கத்தைக் காட்ட ஒரு வெள்ளைப் புள்ளி பதித்தார். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பதற்கான அடையாளம். காலப்போக்கில் அதுவே அந்த நிறுவனத்தின் முகமாகிவிட்டது. புள்ளி இல்லாத மாற்றுக் குழலோடு வரும் டன்ஹில் சுங்கானுக்குச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை தருவதில்லை.

பழுதுபார்ப்பு மேசையிலிருந்து ஒரு புதிய கலையும் பிறந்திருக்கிறது. ஸ்வீடனில் பிறந்த சிக்ஸ்டன் இவார்சன் கோபன்ஹேகனில் சூர் என்பவரின் சுங்கான் பழுதுபார்ப்புக் கடையில்தான் தொழிலைத் தொடங்கினார். எங்கெங்கோ செய்யப்பட்ட, எல்லா விதத்திலும் உடைந்த சுங்கான்கள் அவர் கையில் வந்து போயின. எது ஏன் உடைகிறது, எது ஏன் நன்றாகப் புகைகிறது என்பதை அவற்றிலிருந்தே கற்றார். பிறகு அவர் செய்த சுங்கான்கள் பழைய பிரெஞ்சு, ஆங்கில அச்சுகளை விட்டு விலகின. மரத்தின் வரியோட்டம் போகிற போக்கில் வடிவம் எடுத்தன. டென்மார்க்கின் ஸ்டான்வெல் நிறுவனத்துக்கும் பல வடிவங்களை அவர் அமைத்துக் கொடுத்தார். இன்று 'டேனிஷ் பாணி' என்று உலகமெங்கும் பேசப்படும் கைவேலைச் சுங்கானின் மூலவர் அவர். உடைந்ததைச் சரிசெய்யும் வேலையை இரண்டாம்தரமாக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

வாய்க்குழலில் எபனைட்டுக்குப் பின் வந்த மாற்றம் அக்ரிலிக். வெயிலில் பழுக்காது, கசக்காது. ஆனால் பல்லுக்குக் கடினம். பழைய ப்ரையரில் எபனைட்டை எடுத்துவிட்டு அக்ரிலிக் மாட்டித் தரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான ஆசை. 1920-இல் செய்த சுங்கானுக்கு அந்தக் காலத்துப் பொருளே பொருந்தும். பளபளப்புக்காக அதன் வயதைத் துடைக்கக் கூடாது. புதிதுபோல ஆக்குகிறேன் என்று கிண்ணத்தின் விளிம்பை ஆழமாகத் தேய்ப்பதும், கழுத்தில் குத்திய எழுத்துகள் அழியும்வரை சக்கரத்தில் பிடிப்பதும் பழுதுபார்ப்பு அல்ல, சேதம். பல் பதிந்த தடத்தை மட்டும் நிரப்பி, கிண்ணத்துக்குள் படிந்த கரியை ஒரு மெல்லிய படலமாக விட்டுவைத்து, எழுத்துகளைத் தொடாமல் முடிக்கிற வேலையே நல்ல வேலை.

சுங்கான் புகைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். குறைந்தது நல்லதே, புகையிலையின் கேடு இன்று யாருக்கும் தெரியாததல்ல. சான் குளோத்தில் விரல்விட்டு எண்ணும் பட்டறைகளே மிச்சம். ஆனால் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒரு சுங்கான் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. பற்றவைக்காமலே அதைக் காப்பாற்றி வைக்கலாம். பழுதுபார்க்கக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், நீங்களாகப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஒட்டியதைப் பிரிப்பது உடைந்ததைச் சேர்ப்பதைவிடக் கடினம். ஒடிந்த வாய்க்குழல் எத்தனை துண்டாக இருந்தாலும் ஒரு காகிதத்தில் மடித்துச் சுங்கானோடு சேர்த்தே கொடுங்கள். புதுக் குழல் கடைகிறவருக்கு நீளம், சரிவு, வளைவு மூன்றையும் சொல்ல அந்தத் துண்டுகள் போதும்.